பழனிச்சாமி தானே எழுதிய எக்ஸ்பிளனேஷன்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான். ஒரு மனிதரைப் பார்த்துச் சிரித்தேன்.

மைசூரில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் எங்கள் பஸ் கம்பெனியின் ஆபீசும் ஷெட்டும் இருந்தன. மகாராஜா ஆட்சி; வெளியே உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் எல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் மாட்டியிருக்கும். அதில் அடுப்புக்கரியை எரித்து வரும் கேஸில்தான் இன்ஜின் ஓடும். நாங்கள் கேஸ் பிளான்ட் என்போம், ஜனங்கள் கரி பஸ் என்பார்கள். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ளவும் வேண்டும். எங்கள் பஸ்கள் நரசீபுரம் வழியாகக் கொள்ளேகால் போய் வந்தன.

கம்பெனியில் ஒரு வழக்கம். வண்டி லேட்டானால், கண்ணாடி உடைந்தால், பிரயாணி புகார் கொடுத்தால், சம்பந்தப்பட்ட ஆள் எழுத்தில் சமாதானம் சொல்லி மானேஜர் மேஜையில் வைக்க வேண்டும். அதற்கு எக்ஸ்பிளனேஷன் என்று பெயர். மானேஜர் பெங்களூர் கண்டோன்மெண்டில் பிறந்து வளர்ந்த முதலியார். தமிழும் கன்னடமும் பேசுவார், இரண்டையும் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் மட்டும்தான் படிப்பார்.

அன்றைக்கு அவர் கையில் ஒரு எக்ஸ்பிளனேஷன் இருந்தது. எதிரே காக்கிச் சட்டையில் நடுவயதைத் தாண்டிய டிரைவர் ஒருவர் நின்றார். கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி என்ற ஊர்க்காரர், பெயர் பழனிச்சாமி. முதல் உலகச் சண்டையில் பட்டாளத்து லாரி ஓட்டி பஸ்ரா வரை போய் வந்தவர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வழியில் கை காட்டியவரை ஏற்றாமல் வந்துவிட்டார் என்று புகார். மானேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"பாசஞ்சர் டிட் நாட் ஷோட் ஹேண்ட். ஐ டிட் நாட் சா ஹிம். பஸ் டிட் நாட் ஸ்டாப்டு."

ஆபீஸே சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் உரக்கச் சிரித்தேன். இன்டர் பாஸ் செய்தவன், இங்கிலீஷ் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவன் என்பதைப் புது ஆபீசுக்குக் காட்ட வேறு சந்தர்ப்பம் வாய்க்குமா? பழனிச்சாமி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிரித்து முடித்து மானேஜர் சொன்னார். "போ மேன், உன் மேல தப்பில்ல. போய் வண்டி எடு."

அவர் போனதும் மானேஜர் எங்களிடம் ஒரு தத்துவம் சொன்னார். "இவ்ளோ தப்பா எழுதறவனுக்குப் பொய் சொல்ல எங்க மேன் டைம் இருக்கும்? தப்பு இங்கிலீஷ்ல பொய் வராது. எழுதி வெச்சுக்கங்க."

நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை.

2. ரைட்டரய்யா

பஸ் கம்பெனிகளில் குமாஸ்தாவை ரைட்டர் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்திப் போயிற்று. கொஞ்ச நாளில் கண்டக்டர், டிரைவர், செக்கர் எல்லாருக்கும் எக்ஸ்பிளனேஷன் எழுதிக் கொடுப்பவன் நான்தான் என்று ஆகிவிட்டது. கூலி ஒரு காபி. கொள்ளேகாலில் கத்திரிக்காய் மலிந்திருந்தால் ஒரு பை கத்திரிக்காய். எழுதுவதில் எனக்குக் கொள்ளை ஆசை. டயர் வெடித்ததைக்கூட ஏதோ ராஜ்யம் விழுந்ததைப் போல எழுதுவேன்.

மானேஜருக்கு இது தெரியும். அழகான இங்கிலீஷில் ஒரு எக்ஸ்பிளனேஷன் வந்தால் என்னைக் கூப்பிட்டு, "நீ எழுதினதா மேன்?" என்பார். "இல்லை சார், அவரே எழுதினதுதான்" என்று கூசாமல் சொல்வேன். கண்டக்டரும் பூம்பூம் மாடுபோல் தலையாட்டுவான். மானேஜர் சிரித்துவிட்டு, அபராதத்தைக் கொஞ்சம் குறைப்பார். மூன்று பேருக்கும் தெரிந்த நாடகம். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

பழனிச்சாமி மட்டும் என்னிடம் வந்ததே இல்லை. ஒரு மத்தியானம் ஷெட்டில் களியைத் தின்று கை கழுவிவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ரைட்டரய்யா, ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க."

"என்ன புகார் வந்திருக்கு? சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

"புகாரெல்லாம் இல்லீங்க. எழுதித் தர வேண்டாமுங்க. எழுதச் சொல்லிக்குடுங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"அன்னிக்கு மத்தவங்க எல்லாம் மானேஜர் சிரிச்சாருன்னு சிரிச்சாங்க. நீங்க ஒருத்தருதான் தப்பு எங்கன்னு தெரிஞ்சு சிரிச்சீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மழுப்புவதற்காக, கன்னடத்தில் எழுதிக் கொடுத்துவிடலாமே என்றேன். கம்பெனியில் பாதிப் பேர் அப்படித்தான் கொடுத்தார்கள்.

"குடுக்கலாமுங்க. அதை ஹெட் கிளார்க்குதான் படிச்சுச் சொல்லுவாரு. அவரு வாயில பூந்து வந்தா என்ர பேச்சு அவரு பேச்சாயிருமுங்க. நான் சொல்றது நேரா மானேஜர் காதுக்குப் போகோணும்."

அவர் சொன்னது நியாயம். எங்கள் ஹெட் கிளார்க் படிக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கிறவர். அன்று முதல் மத்தியான வேளையில் பாடம் ஆரம்பமாயிற்று. பஸ்ராவில் துரைகளிடம் பேசிப் பேசி அவருக்குச் சொற்கள் நிறையத் தெரிந்திருந்தன. அவரை இடறிவிட்டது எல்லாம் ஒரே இடம்தான்.

"கோன்னா போறது. வெண்டுன்னா போனது. நேத்துப் போகலைன்னா, நேத்து முடிஞ்ச சமாச்சாரம்தானுங்களே? அப்ப டிட் நாட் வெண்டுன்னுதானே வரோணும்?"

இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு பாரா விதி உண்டு. அதைச் சொன்னேன். அவர் தலையில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் தமிழிலேயே கேட்டேன்.

"நேத்துப் போனேன்னு சொல்றீங்க. போகாத போது என்ன சொல்லுவீங்க? போனலைன்னா?"

"போகலைம்போமுங்க." சொல்லிவிட்டு நிறுத்தினார். "அட, ஆமாங்க. போனலைன்னு எவனும் சொல்ல மாட்டானே!"

"அதேதான். அங்கயும் டிட்னு சொன்னதும் நேத்துங்கற விஷயம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் கோ, சீ, ஸ்டாப் எல்லாம் சும்மா நின்னாப் போதும்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "டிட்டு ஸ்டீரிங்கப் புடிச்சுட்டான். ஒரு வண்டிக்கு எதுக்குங்க ரெண்டு டிரைவரு?"

அதற்குப் பிறகு காலையில் வண்டி கிளம்பும் முன், ஆறிக் கிடக்கும் பீப்பாயின் கரிப்பூச்சில் சாக்கட்டியால் எழுதுவார். டிட் நாட் கோ, டிட் நாட் சீ, டிட் நாட் டேக். சாயந்திரம் வண்டி திரும்பும்போது சூட்டிலும் புகையிலும் எழுத்து அழிந்திருக்கும். மறுநாள் புதிதாக எழுதுவார். நரசீபுரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் நின்றதும் பின்பக்கம் ஓடி அதைப் படிப்பார்களாம். சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும்தான். சம்பளத்துக்குச் செய்த எந்த வேலையிலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

3. வைக்கோல் போர்

கரி பஸ்ஸில் வழியில் சாம்பலைக் கிளறி வெளியே தள்ள வேண்டியிருக்கும். கண்ட இடத்தில் தள்ளக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதற்கென்று பஸ் நிற்குமிடங்களில் குழி இருக்கும். அதில் தள்ளித் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். அவசரக்காரர்கள் ரோட்டோரமே தள்ளிவிட்டுப் போவதும் உண்டு.

ஒரு நாள் நரசீபுரத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு குடியானவரின் வைக்கோல் போர் எரிந்துபோயிற்று. பக்கத்தில் கரிச் சாம்பல் கிடந்தது. அவர் மறுநாளே மைசூருக்கு வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று, உங்கள் பஸ்தான் கொளுத்தியது என்று கன்னடத்தில் கத்தினார். "நிம்ம கரி பஸ்ஸே ஸ்வாமி! நிம்ம பஸ்ஸே!" மாடுகளுக்கு இனி என்ன போடுவேன் என்று அழவும் செய்தார். அந்த நேரத்தில் அந்த வழியாகப் போன எங்கள் வண்டி பழனிச்சாமியுடையது. அவருக்குச் சற்று முன்னால் வேறு கம்பெனி வண்டி ஒன்றும் போயிருந்தது. ஆனால் குடியானவர் அதைப் பார்க்கவில்லை.

மானேஜர் எக்ஸ்பிளனேஷன் கேட்டார். தீ விவகாரம் என்பதால் வேலையே போகக்கூடிய குற்றம்.

பழனிச்சாமி ஷெட்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். நான் எட்டிப் பார்க்கப் போனேன். "முடிச்சப்புறம் பாருங்க ரைட்டரய்யா" என்று காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். எழுதி முடித்ததும் நீட்டினார். நாலைந்து வரிதான். தமிழில் சொன்னால் இவ்வளவு: நான் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவில்லை. நான் அங்கே சாம்பல் தள்ளவில்லை. நரசீபுரம் குழியில் தள்ளித் தண்ணீர் ஊற்றினேன். தீயை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டியை விட்டு இறங்கியிருப்பேன். டிட் நாட் ஸ்டாப், டிட் நாட் த்ரோ, டிட் நாட் சீ. ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் திருத்த ஒரு புள்ளிகூட இல்லை. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மானேஜர் அதைச் சத்தமில்லாமல் படித்தார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து, பாடம் பலித்துவிட்டது என்று நான் வாசலில் நின்று பூரித்துப்போனேன். அசடு!

"யார் மேன் எழுதினது?" என்றார்.

"நாந்தானுங்க" என்றார் பழனிச்சாமி.

"சட்டியில இருந்தாத்தானே மேன் அகப்பையில வரும்? உன் சட்டியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்னைக் கூப்பிட்டார். "நீ எழுதினதா?"

"இல்லை சார். அவரே எழுதினதுதான். சத்தியமா."

மானேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "இதே பதில். இதே மூஞ்சி. ஒவ்வொரு கண்டக்டருக்கும் இதைத்தானே மேன் நீ சொல்லியிருக்க?"

அத்தனை நாள் பொய் சொன்ன அதே வாயால் அன்று நிஜம் சொன்னேன். வித்தியாசம் காட்ட என்னிடம் வேறு வாய் இல்லை.

"சில்லறை விஷயத்துக்கு ரைட்டர் எழுதட்டும், நான் கண்டுக்கிறதில்ல. இது தீ. மறைக்கறதுக்கு ஏதோ இருக்கப் போய்த்தான் ஆள் வெச்சு எழுதறான்." காகிதத்தைப் பழனிச்சாமி பக்கம் தள்ளினார். "பழனிச்சாமி, உன்மேல எனக்குக் கோபமில்ல. இதைக் கிழிச்சுப் போடு. உன் இங்கிலீஷ்ல எழுதிக் கொண்டா. எப்பவும் எழுதுவியே, அந்த மாதிரி. நான் நம்பறேன், விட்டுடறேன். இல்லேன்னா பேட்ஜை வெச்சுட்டுப் போ."

அவர் கெட்டவர் இல்லை. காப்பாற்ற நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே வந்ததும் பழனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு நிமிஷ வேலைதான். டிட் நாட் ஸ்டாப்டு, டிட் நாட் த்ரூன்னு மாத்திப் போட்டுக் குடுத்துடுங்க. பொழப்பைப் பாருங்க."

அவர் என்னையே பார்த்தார். முதல் நாள் பார்த்த அதே பார்வை.

"தப்பா எழுதுனா நெசம், சரியா எழுதுனா பொய்யிங்களா?"

"அவருக்கு அப்படி ஒரு கிறுக்கு. நமக்கு வேலைதானே முக்கியம்?"

"சாம்பல் தள்ளாததுக்குச் சமாதானம் சொல்லோணும், சொல்லீட்டன். எழுதத் தெரிஞ்சுக்கிட்டதுக்கும் சமாதானம் சொல்லோணுங்களா? அது என்னால ஆவாதுங்க."

உள்ளே போனார். சட்டையிலிருந்த கம்பெனி பேட்ஜைக் கழற்றி மேஜைமேல், அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தார். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொள்ளேகால் பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார் என்று கண்டக்டர் வந்து சொன்னான். தான் ஓட்டிய வண்டியில், பின் சீட்டில் உட்கார்ந்து.

4. கௌதள்ளிக்குப் போன ஆர்டர்

உண்மை வெளிவர ரொம்ப நாள் ஆகவில்லை. அதே குடியானவர், அதே இடத்தில் இன்னொரு கம்பெனி பஸ் நின்று சாம்பல் தள்ளுவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். அந்த டிரைவர் முன்பு நடந்ததையும் ஒத்துக்கொண்டான். குடியானவர் நல்ல மனிதர். மைசூருக்கு மறுபடி வந்து, "தப்பாயித்து ஸ்வாமி, ஆ டிரைவர் எல்லி?" என்று, தப்பு நடந்துவிட்டது, அந்த டிரைவர் எங்கே எனக் கேட்டார்.

சேதி மானேஜர் காதுக்குப் போயிற்று. சாயந்திரம் என்னைக் கூப்பிட்டார்.

"அவனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டு ஒரு ஆர்டர் போடு. மரியாதையா இருக்கட்டும். நீயே ஏதாவது எழுது மேன், கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். என் வித்தையையெல்லாம் காட்டி எழுதினேன். நிர்வாகம் எந்தச் சமயத்திலும் உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை என்று ஒரு வாக்கியம். நடந்ததற்கு நிர்வாகம் மிகவும் வருந்துகிறது என்று இன்னொன்று. மானேஜர் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தபாலில் அனுப்ப மனம் வராமல் நானே எடுத்துக்கொண்டு போனேன். கொள்ளேகாலில் இறங்கி, அங்கிருந்து வண்டி மாறி, ஒரு வழியாகக் கௌதள்ளி போய்ச் சேர்ந்தேன். பழனிச்சாமி வீட்டு வாசலில் ராகிக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் மோர் கொண்டுவரச் சொன்னார். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆர்டரை வாங்கி நிதானமாக, உதட்டை அசைத்துப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"டிட் நாட் டவுட். சரியாத்தான் போட்டிருக்குது. டவுட்டடுன்னு போடல." நிமிர்ந்தார். "யாரு எழுதினதுங்க?"

"நான்தான்."

"மானேஜர் படிச்சாருங்களா?"

மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கையெழுத்துப் போட்டார்."

"அவரு சந்தேகப்படலைன்னு அவரு சொன்னாருங்களா?"

"இல்லை. நான்தான் சேர்த்தேன். மரியாதைக்காக."

காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து என் கையில் வைத்தார்.

"எழுத்துல ஒரு தப்பு இல்லீங்க. சேதிதான் பொய்யி." பிறகு, என்னைத் தேற்றுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "நீங்க சொல்லிக்குடுத்த இங்கிலீசுல நான் ஒரு பொய்யும் எழுதலீங்க ரைட்டரய்யா."

மோரைக் குடிக்காமல் எழுந்தால் அவர் வருத்தப்படுவார் என்று குடித்தேன். அவர் வேலைக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவும் இல்லை.

மைசூருக்குத் திரும்பிய மறுநாள் ஒரு கண்டக்டர் காபியோடு வந்தான், எக்ஸ்பிளனேஷன் எழுதித் தரச் சொல்லி. எழுதச் சொல்லித்தருகிறேன், எழுதித் தரமாட்டேன் என்றேன். கர்வம் தலைக்கேறிவிட்டது என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஆபீஸ் வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். டிட் நாட் வந்தால் அடுத்த சொல் சும்மா நிற்கட்டும். அதை யாரும் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். சில்லறை விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாதீர்கள். பெரிய விஷயம் வரும் நாளில் உங்கள் வாய்க்கு மதிப்பு இருக்க வேண்டும். எனக்கு அன்று இல்லை. ஒரு நல்ல டிரைவரின் வேலை அதனால் போயிற்று.